ஜன்னலோரப் பலகை

“போதும், இதுக்கு மேல யாரும் வராதீங்க!” மாடிப்படியின் முடிவில் இரண்டு கைகளையும் விரித்து வழிமறித்து நின்றாள் மகள். உள்ளே ஜன்னலோரக் கட்டிலில், தூங்கினவர் தூங்கினபடியே விடியற்காலையில் போய்விட்டிருந்தார் அப்பா. தம்பி வந்ததும் கீழே இறக்குவதாக ஏற்பாடு. அதற்குள் தெருவே படியேறிக்கொண்டிருந்தது.

“கடைசியா முகம் பாக்க வந்தவங்களை மறிக்கிறியே, உனக்கென்ன புத்தி பேதலிச்சுப்போச்சா?” என்றாள் அத்தை.

“தரை தாங்காது அத்தை.”

“எங்கண்ணன் போட்ட தரைடி இது!”

அதுதான் வம்பே. அந்த மாடித் தரை முழுவதும் அப்பா வார்த்த பெர்ரோசிமென்ட் பலகைகள். கம்பி வலையில் சிமெண்டுக் கலவையை அப்பி, இரண்டு விரல் கனத்துக்கு வார்ப்பது. பாரம் ஏறினால் பலகையின் அடிப்பக்கம்தான் இழுபடும். அதனால் அடியில் மூன்று வலை, மேலே ஒன்று. காய்ந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால், மூன்று வலை உள்ள பக்கத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார்; பொருத்தும்போது குறி கீழே பார்த்து இருக்க வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஜன்னலோரப் பலகையின் குறியை மழை அழித்துவிட்டிருந்தது. மேலே நின்று பலகையைப் பொருத்தியவள் அவள்தான். “குறி பாத்தியாம்மா?” என்று கீழேயிருந்து அப்பா கேட்டார். இல்லையென்றால் மறுபடி இறக்கச் சொல்வாரே என்ற சோம்பலில், “பாத்தேம்ப்பா” என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள்.

அந்தப் பலகைமேல் இப்போது கட்டில், அப்பா, சுற்றிலும் பன்னிரண்டு பேர். அவளுக்கு அழுகை வரவில்லை; எடைக் கணக்குத்தான் வந்தது, அதுவும் தடவைக்கு ஒரு விதமாக. செத்துக் கிடக்கிற அப்பாவின் முகத்தை விட்டுவிட்டுக் கட்டில் காலையே முறைக்கிற மகள் எங்காவது உண்டா? தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் இனி முடியாது. “யாரையும் விடாதீங்க அத்தை” என்று சொல்லிவிட்டு, கீழே சிமெண்டு மூட்டை அடுக்கும் அறைக்கு ஓடினாள். வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து அங்கே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. விளக்கைப் போட்டு அண்ணாந்தாள்.

விரிசல் இல்லை. அந்தப் பலகைக்கு அடியில் மட்டும், சுவருக்குச் சுவர் ஓர் இரும்பு உத்தரம். கூரையின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்து, இருப்பதே தெரியாமல்.

பின்னாலேயே அம்மா வந்து நின்றாள்.

“இது எப்பம்மா வெச்சது?”

“நீ வேலைக்குப் போன மறுவாரம். எதுக்குன்னு கேட்டேன். ‘சும்மா இருக்கட்டும், அவகிட்ட சொல்லாத’ன்னாரு. ஏன், ஏதாவது கோளாறா?”

பொருத்திய அன்றே தெரிந்துவிட்டதா? பிறகுதானா? எத்தனை லீவுக்கு வந்திருப்பாள், ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா இந்த மனுஷர்? உத்தரத்தைத் தொட எக்கினாள். எட்டவில்லை.

“கோளாறு ஒண்ணுமில்லம்மா. எல்லாரையும் மேல விடச் சொல்லு.”

அம்மா போனாள். தலைக்கு மேலே காலடிகள் கூடிக்கொண்டே போயின. மகள் ஒரு சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.