இறக்கம்

சைக்கிள் கடைச் சுவரில் தன் மகள் பெயருக்கு நேரே எழுதியிருந்ததைப் பஞ்சாட்சரம் இரண்டாம் முறை படித்தார். முதல் முறை கண் ஏமாற்றிவிட்டதோ என்று ஒரு நப்பாசை. இல்லை. புதன்கிழமைக் கட்டத்தில் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் இருந்தது: பொய்.

ஒடுகத்தூரில் அன்று சந்தை. புளிக்கூடையோடு மலையிறங்கியவர்கள் அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைக்காரர் கண்ணாயிரம் பட்டாளத்தில் ஓடிக் கோப்பை வாங்கியவர். இப்போது பஞ்சர் ஒட்டிக்கொண்டே பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கினார். யார் எந்த நாள் எவ்வளவு ஓடினார்கள் என்று வாரம் ஒருமுறை கேட்டு, எல்லோரும் பார்க்கச் சுவரில் எழுதுவார். அதை வைத்துத்தான் அடுத்த வாரத்துக்கு ஓட்டம் சொல்வார்.

மகள் அம்சவல்லி ஓடப்போகிறாள் என்றபோது மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் சிரிக்காத வாய் இல்லை. "என் பொண்ணு ஓடுவா. எவன் கேக்கறது?" என்று ஊர் நடுவில் சொன்னவர் பஞ்சாட்சரம். சிரித்த அந்த வாயெல்லாம் இன்று இந்தச் சுவரைப் படித்துவிட்டு மலையேறும்.

"இன்னா மாஸ்டரே இது?"

"உங்க பொண்ணையே கேளுங்க கவுண்டரே. புதன்கிழமை ஓடலன்னு சொல்லுது. நம்ம வீரன் பஸ்ல வரும்போது மலை ரோட்ல பாத்திருக்கான். தலைதெறிக்க ஓடியாந்துதாம்."

கூட ஓடும் வீரன் சைக்கிளுக்குக் காற்றடித்தபடி தலையாட்டினான். "ஆமாங்க. டிரைவரு ஹாரன் மேல ஹாரன் அடிக்கறாரு, வழிய வுட்டாத்தானே!"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். பஞ்சாட்சரம் பின்னால் நின்ற மகள் பக்கம் திரும்பினார்.

"ஓடினியா?"

"இல்லப்பா. ஆட்டுக்கு மருந்து வாங்க எறங்கினேன். திரும்பி ஜீப்புல வந்துட்டேன்."

"கேட்டீங்களா மாஸ்டரே?"

"இன்னாத்த கேக்கறது? ஓடித்தானே எறங்குச்சு?"

"எறங்குச்சு. எறங்கறதை எவன்யா ஓட்டம்னு சொல்லுவான்?"

அவர் வாதத்துக்காகச் சொல்லவில்லை. அவர்கள் மலையில் எவ்வளவு தூரம் நடந்தாய் என்றால் ஏறிய தூரத்தை மட்டும்தான் சொல்வார்கள். இறங்கியதையும் சேர்த்துச் சொல்பவனை, மூச்சு விட்டதற்கும் கூலி கேட்பவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

கண்ணாயிரம் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார்.

"இரு இரு. தெனமும் நாலு மைலுன்னு சொன்னியே, அது?"

"ஏறினது மாஸ்டர்," என்றாள் அம்சவல்லி.

"ஏறணும்னா மொதல்ல எறங்கியிருக்கணுமே?"

"அது எறங்கினது."

"அடிப்பாவி! அதான் முட்டி வீங்கிக் கெடக்கா? நீ ஓடறது பத்தலன்னு நான் வாரா வாரம் கூட்டிக்கிட்டே போறேன்!"

முட்டியா? பஞ்சாட்சரம் கீழே பார்த்தார். மகள் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரி, போனது போவட்டும்," என்றார் கண்ணாயிரம். "இனிமே எறங்கினதையும் ஓட்டத்துல சேத்து சொல்லு."

"போவாது," என்றார் பஞ்சாட்சரம். "மொதல்ல அதை அழிங்க."

"அழிக்கறேன் கவுண்டரே, கடைய மூடும்போது…"

"இப்போ. சிரிச்சவங்க எதிர்ல. எங்க வூட்டுப் பேருக்கு நேரா அந்த எழுத்து நின்னதில்ல."

"அழிக்கலன்னா?"

"உங்க சுவத்துல பேரு இல்லாம ஓடுவா. வட ஆற்காடு மாவட்டப் போட்டியில உங்க பசங்க அவ முதுகைப் பாத்துக்கினு வரட்டும்."

காற்றடிக்கும் சத்தம் நின்றது. கண்ணாயிரம் அழுக்குத் துணியை எடுக்கப் போனார்.

"கையால," என்றார் பஞ்சாட்சரம்.

கண்ணாயிரம் அவரை ஒரு கணம் முறைத்தார். பிறகு உள்ளங்கையை டியூப் நனைக்கும் தொட்டியில் தோய்த்து, அழுத்தித் துடைத்தார்.

"ஆனா ஒண்ணு கவுண்டரே. காலுக்கு ஏத்தம் எறக்கமெல்லாம் ஒண்ணுதான். எனக்கு ரெண்டும் தெரியணும். ஓட்டத்துல சேத்துடுங்க."

"சேக்க மாட்டோம். எறக்கத்தை ஓட்டம்னு சொன்னா, அதுதான் பொய்."

இரண்டு பேரும் விறைத்து நின்றார்கள். அம்சவல்லி சாக்பீஸை எடுத்தாள். தன் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு கோடு இழுத்து, 'இறக்கம்' என்று எழுதினாள். புதன்கிழமைக்கு நேரே, 'அடிவாரம் வரை'.

கண்ணாயிரம் படித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இதுவும் நல்லாத்தான் இருக்குது. ஆனா முட்டி ஆறுற வரைக்கும் அந்த வரி காலியா இருக்கணும். சந்தைக்கு வர்றதா இருந்தா பஸ்ல வா."

"எறங்கறதுக்கு டிக்கெட்டா?" பஞ்சாட்சரத்தின் குரல் தெருவுக்கே கேட்டது. மகள் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பதை அப்போதுதான் அவர் கவனித்தார்.

கீழே இறக்கி வைத்திருந்த தன் புளிக்கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"அவளுக்கு டிக்கெட் நான் எடுக்கறேன்," என்றார். "அதைச் சுவத்துல எழுதக் கூடாது."