இருபத்து மூன்றாம் நோயாளியின் எழுத்து

இன்ஹேயின் கண்டுபிடிப்பு தப்பு என்று அவளிடம் சொன்னவள் ஜொங்ரிம் அக்காதான். சொன்ன கையோடு சாப்பிடவும் கூட்டிக்கொண்டு போனாள்.

தென் கொரியாவின் தேகு நகரத்து மருத்துவமனை ஒன்றின் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் இருவரும் ஆறு வருடமாக ஒன்றாக இருந்தார்கள். இன்ஹே கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவாள். ஏழு வயது மூத்தவளான ஜொங்ரிம் அந்தக் கணக்கு சரியா என்று ரத்தத்தில் சோதித்துப் பார்ப்பாள். இன்ஹேயின் அப்பா செத்தபோது, துக்கக் கூடத்தில் மூன்று நாளும் வந்தவர்களுக்கெல்லாம் சூப் ஊற்றிக் கொடுத்தவள் அவள்.

சிறுநீரகப் புற்றுநோயில் ஒரு புதிர் உண்டு. மற்ற பல கட்டிகளில் மரபணு அதிகம் சிதைந்திருந்தால்தான் உடம்பின் காவல் செல்கள் அந்நியனைக் கண்டுகொண்டு பாயும். சிறுநீரகக் கட்டியில் சிதைவு குறைவு. ஆனாலும் காவல் செல்கள் அங்கே மொய்த்துக் கிடக்கும். எதைப் பார்த்து வருகின்றன? இன்ஹே நாற்பத்தோரு நோயாளிகளின் கட்டிகளை இரண்டு வருடம் கணக்கில் அலசினாள். விடை அவள் தேடாத இடத்தில் இருந்தது. எத்தனையோ லட்சம் வருடங்களுக்கு முன் மனித மரபணுவுக்குள் நுழைந்து, செத்ததுபோல் கிடக்கும் பழைய வைரஸ்களின் மிச்சங்கள் இந்தக் கட்டிக்குள் விழித்துக்கொள்கின்றன. அவற்றின் புரதத்துண்டுகளைத்தான் செல்கள் பார்க்கின்றன என்று கணக்கு சொன்னது. பன்னிரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் ஒன்பது அமினோ அமிலம், அதாவது ஒன்பது எழுத்து. பட்டியலை ஜொங்ரிமுக்கு அனுப்பினாள்.

ஆறு வாரம் கழித்து ஜொங்ரிம் அவள் மேஜைக்கு வந்து நின்றாள்.

“ஒரு புள்ளிகூட விழலைடி. மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன்.”

செல் அடையாளம் கண்டால் சோதனைத் தட்டில் புள்ளி விழும். விழவில்லை என்றால் கணக்கு வெறும் கணக்குதான்.

“பன்னிரண்டுமா அக்கா?”

“பன்னிரண்டும். எந்திரி, சாப்பிடப் போலாம். வெறும் வயித்தோட அழுதா தலைவலிதான் வரும்.”

எழுதத் தொடங்கியிருந்த கட்டுரையை இன்ஹே நிறுத்தினாள். அதே கூடத்தில் மற்றவர்களின் தரவைச் சுத்தம் செய்து கொடுக்கும் வேலைக்குப் போனாள். வீட்டில் உட்கார்ந்து, எங்கே தப்பு நடந்தது என்று தன் கணக்கை வரி வரியாகத் தேடினாள். ஐந்தாவது மாதம் ஜொங்ரிம், சியோலில் அம்மாவுக்கு முடியவில்லை, பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வேலையை விட்டாள். ரயில் நிலையத்தில் அழுதது இன்ஹே.

அதற்கு மூன்று மாதம் கழித்துப் புசானில் ஒரு மாநாடு. சுவரொட்டிகள் வரிசையாக நின்ற கூடத்தில், ஒரு புதுக் கம்பெனியின் சிறுநீரகப் புற்றுத் தடுப்பூசி பற்றிய படத்தின் முன்னால் இன்ஹே நின்றுவிட்டாள். நடுவில் பெரிதாக ஒன்பது எழுத்துகள். அவள் துண்டு. அதன் ஆறாவது எழுத்து, எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாத எழுத்து. இருபத்து மூன்றாம் எண் நோயாளியின் கட்டியில் மட்டும் இருந்தது. படத்தின் பக்கத்தில், கழுத்தில் அட்டையோடு, ஜொங்ரிம் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் போகும்வரை இன்ஹே காத்திருந்தாள்.

“அம்மா எப்படி இருக்காங்க அக்கா?”

ஜொங்ரிமின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு சமாளித்துக்கொண்டாள். “நீ வருவேன்னு நினைக்கலை.”

“ஆறாவது எழுத்தையாவது மாத்தியிருக்கலாமே.”

“மாத்தினா வேலை செய்யாது.”

“அப்போ வேலை செஞ்சுது.”

“நாலு துண்டு. இதுதான் இருக்கறதுலேயே நல்லா வேலை செய்யுது.” ஜொங்ரிம் குரலைத் தாழ்த்தினாள். “உன்கிட்ட சொல்லியிருந்தா அடுத்த வாரமே எழுதி ஊருக்கெல்லாம் கொடுத்திருப்பே. உன்னைத் தெரியாதா எனக்கு? காப்புரிமை இல்லாத மருந்துக்கு எவன் முன்னால வருவான்? நோயாளிக்கு மருந்து கிடைச்சா போதாதா?”

“எழுதாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எழுதியிருக்க மாட்டேன். நீங்க சொன்னா எதைக்கா நான் செய்யலை?”

ஜொங்ரிம் கழுத்து அட்டையைத் திருப்பி வைத்தாள்.

“நான் முட்டாள்னு எட்டு மாசமா நம்பிட்டிருந்தேன். வாராவாரம் ஃபோன் பண்ணி ஆறுதல் சொன்னீங்களே, அது எப்படி முடிஞ்சுது உங்களால?”

“முதல் தடவை கஷ்டமாத்தான் இருந்துச்சு,” என்றாள் ஜொங்ரிம்.

திட்டியிருந்தால்கூட இன்ஹேக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஊர் திரும்பியதும் புகார் எழுதினாள். ஆய்வுக்கூடத் தலைவர் பேராசிரியர் கி, “ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி இருந்தவங்க. பேசித் தீர்த்துக்கக் கூடாதாம்மா?” என்றார். “அப்படி இருந்ததாலதான் சார் எழுதறேன்,” என்றாள். ஜொங்ரிம் குறிப்பேட்டில் பொய் எழுதியிருந்தாள். ஆனால் புள்ளிகளை எண்ணும் கருவி, ஒவ்வொரு தட்டின் படத்தையும் தேதியோடு தனக்குள் வைத்திருந்தது. நான்கு தட்டுகளில் புள்ளிகள் அம்மை போட்டதுபோல் நிறைந்திருந்தன. அந்தப் படங்களைப் பார்த்து இன்ஹே சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் பார்த்தது தேதிகளைத்தான்; எல்லாம் அக்கா சாப்பிடக் கூட்டிப்போன நாளுக்கு முந்தியவை.

விசாரணை ஐந்து மாதம் நடந்தது. காப்புரிமையில் இன்ஹேயின் பெயர் முதலில் ஏறியது. ஜொங்ரிம் கம்பெனியைவிட்டு விலக வேண்டியதாயிற்று. தடுப்பூசி வேலை நிற்கவில்லை; இன்ஹேயும் நிற்கவிடவில்லை. கட்டுரை வெளியானது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் தலை குனிந்து நன்றி சொன்னாள்.

ஜொங்ரிமின் இடத்துக்கு வந்த ஊன்பி என்ற பெண் நல்ல வேலைக்காரி. அடுத்த பட்டியலைச் சோதித்துவிட்டு ஒருநாள் காலையில் வந்தாள்.

“ரெண்டு துண்டு சரியா வரலை அக்கா. மீதியெல்லாம் அருமையா வந்திருக்கு.”

“அந்த ரெண்டு தட்டையும் நான் பார்க்கலாமா?”

ஊன்பியின் சிரிப்பு மறைந்தது. போய்த் தட்டுகளை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். இன்ஹே பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து ஒவ்வொரு குழியாகப் பார்த்தாள். ஊன்பி சொன்னது நிஜம்தான். ஒரு புள்ளியும் இல்லை.

நிமிர்ந்தபோது ஊன்பி இன்னும் அங்கேயே, கைகளைக் கட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இன்ஹேக்குத் தெரிந்தது. தட்டுகளை மட்டும் அவளிடம் திருப்பிக் கொடுத்தாள். இனி ஒவ்வொரு தடவையும் தட்டைக் கேட்டு வாங்கித் தானே பார்ப்பாள் என்பதும் தெரிந்தது.