முதலுதவி அறைக்குப் பக்கத்துக் கழிப்பறை

ஜனவரிக் கடைசியில், கோடை விடுமுறை முடிந்து ரொவீனா ஹென்ஷ்கே ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது புதுப் பெயரோடும் பாவாடைச் சீருடையோடும் வந்தாள். பெண்கள் கழிப்பறைக்குத்தான் போனாள். மூன்று வாரம் போனாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நான்காவது வாரம் கடிதம் வந்தது.

கடிதத்தைப் பிரித்தது நான்தான். அடிலெய்டிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் யாரிண்டா உயர்நிலைப் பள்ளியின் முன் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். தொலைபேசி, தாமதச் சீட்டு, முழங்கால் சிராய்ப்பு, தொலைந்த தொப்பி எல்லாம் என் இலாகா. ரொவீனா திருநங்கை என்பது ஊருக்கே தெரியும். அவள் தொட்டிலில் கிடந்ததிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். அவள் தலைமுடி வளர்க்க ஆரம்பித்தபோது ஒரு மாதம் பேசினோம். பிறகு மழை பொய்த்தது, அதைப் பற்றிப் பேசப் போய்விட்டோம்.

கடிதம் எழுதியது ஜானெல் பாஸ்கோ. பேக்கரிக்காரி, பெற்றோர் சங்கத் தலைவி. நம் பெண் குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். ஜானெலுக்கு இருப்பது ஒரே பிள்ளை, ஹேமிஷ். பையன். பெண் குழந்தைகளைப் பெற்ற யாரும் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பெண் குழந்தைகளிடம் யாரும் கேட்கவுமில்லை.

எங்கள் தலைமையாசிரியர் மெர்ரிட் நல்ல மனிதர். அவருடைய ஒரே கஷ்டம், எல்லோரும் தன்னை நல்ல மனிதர் என்று சொல்ல வேண்டும். ரொவீனாவைத் தடுத்தால் சட்டம் கேட்கும், தடுக்காவிட்டால் ஜானெல் கேட்பாள். இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். மூன்றாம் நாள் நான்கு பக்கத் திட்டம் ஒன்றோடு வெளியே வந்தார். முதலுதவி அறைக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று கட்டிய ஒற்றைக் கழிப்பறை ஒன்று இருந்தது. அதற்குள் பழைய விளையாட்டு விழாப் பதாகைகளும் கிறிஸ்துமஸ் மரமும் கிடந்தன. ரொவீனா அதைப் பயன்படுத்திக்கொள்வாள். சாவி என்னிடம் இருக்கும். போகும்போதும் வரும்போதும் நோட்டில் பெயரும் நேரமும் எழுத வேண்டும்.

அவளை அழைத்துத் திட்டத்தைக் கொடுத்தார். நின்றபடியே நான்கு பக்கத்தையும் படித்தாள்.

"சார், இதுல கண்ணியம்ங்கிற வார்த்தை ஏழு தடவ வருது," என்றாள்.

"ஆமாம்மா, அதுதான் நமக்கு முக்கியம்."

"கக்கூஸ்ங்கிற வார்த்தை ஒரு தடவகூட வரல சார்."

மெர்ரிட் என்னைப் பார்த்தார். நான் கணினியைப் பார்த்தேன்.

அறிவியல் கூடம் மைதானத்துக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து அலுவலகத்துக்கு நடந்து, நோட்டில் எழுதி, சாவி வாங்கி, கிறிஸ்துமஸ் மரத்தை ஒதுக்கி, காரியத்தை முடித்து, மறுபடி எழுதித் திரும்பினால் அடுத்த வகுப்பு தொடங்கி எட்டு நிமிடம் ஆகியிருக்கும். தாமதமாக வந்தால் சீட்டு. மூன்று சீட்டு சேர்ந்தால் மதிய இடைவேளையில் தண்டனை அறை. சீட்டு எழுதுவது யார்? நான்தான். சாவியையும் நானே கொடுப்பேன், சாவி வாங்கியதால் ஆன தாமதத்துக்குச் சீட்டையும் நானே எழுதுவேன். பதினோரு சீட்டு எழுதினேன். விதி அப்படி என்று அவளிடமும் சொன்னேன், என்னிடமும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் சீட்டை வாங்கிக்கொண்டே கேட்டாள்: "மிஸ், காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதுறீங்க?"

"சொந்தக் காரணம்னு எழுதுறேன்."

"உங்க காரணம்தானே மிஸ் அது?"

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு அவள் சாவிக்கு வருவது குறைந்தது. பழகிவிட்டாள் போல என்று மெர்ரிட் மகிழ்ந்தார். திட்டம் வேலை செய்கிறது என்று மேலிடத்துக்கு எழுதினார். உண்மையில் அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். மார்ச் மாதம், வெயில் நாற்பதைத் தாண்டிக் கொளுத்திக்கொண்டிருந்தது. காலையில் வீட்டில் அரை டம்ளர், அதோடு சாயங்காலம்தான். ஒரு புதன்கிழமை கணக்கு வகுப்பில் காய்ச்சலில் நடுங்கியவளைத் தூக்கிக்கொண்டு வந்து முதலுதவி அறையில் படுக்க வைத்தார்கள். சிறுநீரகம்வரை கிருமி ஏறியிருந்தது. ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தாள்.

அவள் அப்பா வார்விக் தானிய லாரி ஓட்டுகிறவர். அதிகம் பேசாத ஆள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசை முன் வந்து நின்றார்.

"நொரீன், நான் முப்பது வருஷமா லாரி ஓட்டுறேன். எங்க வேணாலும் ஓரமா நிறுத்தி ஒரு மரத்தடியில போயிட்டு வருவேன். இதுவரைக்கும் ஒருத்தனும் என்கிட்ட நோட்டுல எழுதுன்னு சொன்னதில்ல."

"தெரியும் வார்விக்."

"அவ பாவாடை போட்டுக்கிட்டு வந்த அன்னிக்கு எனக்கு ஒண்ணும் புரியல. இன்னிக்கும் பாதி புரியல. ஆனா புள்ள தண்ணி குடிக்காம கெடந்திருக்கு. அது புரியுது."

"தலைமையாசிரியரப் பாக்குறீங்களா?"

"அவரு நல்லா பேசுவாரு," என்றார் வார்விக். "நான் ஒன்னத்தான் பாக்க வந்தேன்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை அந்தக் கழிப்பறையிலிருந்த கிறிஸ்துமஸ் மரத்தையும் பதாகைகளையும் நானே இழுத்து வெளியே போட்டேன். தரையைத் தேய்த்தேன். வீட்டிலிருந்து ஒரு கண்ணாடி, நல்ல சோப்பு, துவாலை கொண்டுவந்து வைத்தேன். தாமதச் சீட்டு எழுதுவதை நிறுத்தினேன். மெர்ரிட் கேட்டபோது சீட்டுத் தாள் தீர்ந்துவிட்டது, அச்சுப்பொறி பழுது என்றேன். அது எப்போதும் பழுதாக இருக்கும் பொருள் என்பதால் நம்பினார்.

அதன் பிறகுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று ஆரம்பித்தது.

ஒரு திங்கட்கிழமை, மணி அடித்துப் பாதி வகுப்பில், ஹேமிஷ் பாஸ்கோ என் மேசை முன் வந்து நின்றான். ஜானெலின் மகன். ஆறடி உயரம், பள்ளிக் கால்பந்து அணியின் நம்பிக்கை. ரொவீனா நடைபாதையில் போகும்போது இளித்த கும்பலில் அவனும் இருந்தவன்.

"மிஸ், அந்தச் சாவி கெடைக்குமா?"

"எதுக்குப்பா? ஒனக்குத்தான் பசங்க டாய்லெட் இருக்கே."

காது சிவந்தது. "அங்க வரிசையா நின்னுக்கிட்டுப் போகணும் மிஸ். பக்கத்துல ஆள் நின்னா எனக்கு வராது. எப்பவுமே வராது. கதவுள்ள ரூமுக்குப் போனா மேல எட்டிப் பாத்து போன்ல எடுக்குறானுங்க."

"எத்தன நாளா?"

"ஏழாங் கிளாஸ்லேர்ந்து. ஸ்கூல் விட்டு வீட்டுக்கு ஓடுவேன் மிஸ். அம்மா நான் பசியில ஓடி வர்றேன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க."

சாவியைக் கொடுத்தேன். நோட்டில் பெயர் எழுதினான், மிகச் சின்ன எழுத்தில்.

அடுத்து மாதவிடாய் நாளில் ஒரு பெண். பெண்கள் கழிப்பறையில் ஆறு கதவில் நான்குக்குத் தாழ்ப்பாள் இல்லை, சோப்பு இருந்து இரண்டு வருடம் ஆகிறது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு அவள் தோழிகள். இன்சுலின் ஊசி போட ஒரு பையன். அழுவதற்கு மட்டும் வரும் ஒரு பெண். பதினோரு ஆசிரியர்களுக்கு ஒரே கழிப்பறை என்பதால் வரலாற்று ஆசிரியை. ஒரு வெள்ளிக்கிழமை, யாரும் இல்லாத நேரம் பார்த்து, மெர்ரிட்டே வந்தார்.

"நோட்டுல எழுதணுமா நொரீன்?"

"விதி சார்," என்றேன்.

எழுதினார்.

ரொவீனாவும் வருவாள். சில நாள் மூன்று பேர் போய் வரும்வரை அவளே காத்திருக்க வேண்டியிருந்தது. வராந்தா நாற்காலியில் ஹேமிஷுக்கு இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்திருப்பாள். இருவரும் எதிர்ச் சுவரைப் பார்ப்பார்கள்.

யாரிண்டாவில் எதுவும் சுவருக்குள் தங்காது. ஜூன் மாதம் ஜானெல் இரண்டாவது கடிதம் எழுதினாள். இந்த முறை புகார் வேறு. ஒரே ஒரு மாணவிக்கு மட்டும் கண்ணாடியும் வாசனைச் சோப்பும் வைத்துத் தனிக் கழிப்பறையாம், மற்ற பிள்ளைகள் உடைந்த கதவோடு கிடக்க வேண்டுமாம், இது என்ன சலுகை? எங்களோடு வராதே என்று தனியே அனுப்பியவள், தனியாக ஏன் இருக்கிறாய் என்று கேட்டாள். 'மாணவி' என்று அவள் எழுதியதை மட்டும் நான் கவனித்தேன். கோபத்தில் தவறிச் சரியாக எழுதிவிட்டாள்.

உடற்பயிற்சிக் கூடத்தில் பொதுக் கூட்டம் என்று முடிவானது. அந்த நோட்டைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்பது ஜானெலின் கோரிக்கை. தன் பெயரும் அதில் இருப்பதை மறந்து மெர்ரிட் சரி என்றுவிட்டார். நினைவு வந்தபோது அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது.

எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. ஜானெல் நடுக் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். ஹேமிஷ் பாஸ்கோ, எழுபத்திரண்டு தடவை என்று நான் நிதானமாக வாசிப்பேன். அவள் முகம் எப்படிப் போகும் என்று பாத்திரம் கழுவும்போதுகூட நினைத்துச் சிரித்தேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் ரொவீனா வந்தாள். சாவிக்கு வரவில்லை.

"மிஸ், நாளைக்கு நோட்டப் படிக்கப் போறீங்களா?"

"அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"ஹேமிஷ் பேரும் வரும்ல?"

"வரட்டுமே. நல்லா வரட்டும்."

"வேண்டாம் மிஸ்."

"ஒன்னப் பாத்துச் சிரிச்சவன்தானேடி அவன்?"

"சிரிச்சான். ரெண்டு தடவ." எண்ணி வைத்திருந்தாள். "எங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் ரெண்டு வருஷம் யோசிச்சேன் மிஸ். எந்த நாள், எந்த வார்த்தைன்னு. அவங்கம்மாவுக்கு இது ஒரு ஹால் நெறைய ஆளுங்க முன்னாடி தெரிய வேண்டாம்."

"அப்ப ஒன் பேர மட்டும் படிச்சா பரவாயில்லையா?"

"என்னோடது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே," என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

நான் வெகுநேரம் அந்த நோட்டைப் பார்த்தபடி இருந்தேன். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது.

கூட்டத்துக்கு நூற்றைம்பது பேர் வந்தார்கள். வார்விக் கடைசி வரிசையில் நின்றார். ரொவீனா வரவில்லை. ஹேமிஷை அவன் அம்மா முன் வரிசையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தாள். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெர்ரிட் என்னை மேடைக்கு அழைத்தார். அவருக்கும் வியர்த்திருந்தது.

"நோட்டு எங்க நொரீன்?"

"மறந்துட்டு வந்துட்டேன் சார்."

பத்தொன்பது வருடத்தில் நான் எதையும் மறந்ததில்லை. அதை மெர்ரிட் அறிவார். அவர் விட்ட பெருமூச்சு ஒலிபெருக்கியில் கூடம் முழுக்கக் கேட்டது.

"எண்ணிக்கை மட்டும் தெரியும்," என்றேன். "இந்தப் பருவத்துல சாவி நானூத்தி ஆறு தடவ வெளிய போயிருக்கு. அதுல ரொவீனா நாப்பத்தொரு தடவ."

ஜானெல் எழுந்தாள். "அப்ப மீதி யாரு?"

"உங்க புள்ளைங்கதான். எல்லாரோட புள்ளைங்களும்."

"பேரச் சொல்லு நொரீன். ஏன் மறைக்குற?"

"பேரு சொல்ல மாட்டேன்."

"மெர்ரிட், இவங்கள சொல்லச் சொல்லுங்க!"

"இது... தனியுரிமை சம்பந்தப்பட்டது," என்றார் மெர்ரிட். தன் வாழ்நாளில் அவர் அவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை.

அப்போது பின்னாலிருந்து ஆடு வளர்க்கும் கிழவர் ஒருவர் கேட்டார்: "ஒத்தக் கக்கூஸுக்கு நானூறு பேர் வரிசையில நிக்கிறாங்கன்னா, மத்த கக்கூஸுக்கு என்ன கேடு?"

அவ்வளவுதான். அடுத்த ஒரு மணி நேரம் யாரும் ரொவீனாவைப் பற்றிப் பேசவில்லை. தாழ்ப்பாள் இல்லை, சோப்பு இல்லை, முழங்காலுக்கு மேலே தொடங்கித் தோளோடு முடிகிற கதவு, எட்டிப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். தாய்மார்கள் ஒவ்வொருவராக எழுந்து, பிள்ளைகள் வீட்டில் சொன்னதைச் சொன்னார்கள். அதிகம் கொதித்தது ஜானெல்தான். "எம் பையனெல்லாம் அந்த எடத்துலயா போகணும்?" என்று அவன் தோளில் கை வைத்துக் கேட்டாள். ஹேமிஷ் நிமிர்ந்து ஒரு நொடி என்னைப் பார்த்தான்.

மறுநாள் சாவிக்கு வந்தபோது, வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான்.

"மிஸ், ரொவீனாகிட்ட..."

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

போய்விட்டான். நானும் ரொவீனாவிடம் எதையும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவன் ஒன்றும் தரவில்லையே.

ஜானெல் ஒன்றில் இறங்கினால் விடமாட்டாள். அடிலெய்டில் இருக்கும் கல்வித் துறை அதிகாரிகளை ஒன்றரை வருடம் தூங்க விடாமல் பழைய கட்டடத்தை இடிக்க வைத்தாள். புதுக் கட்டடத்தில் பன்னிரண்டு தனி அறைகள். தரையிலிருந்து கூரைவரை கதவு, ஒவ்வொன்றுக்கும் உள் தாழ்ப்பாள், கை கழுவும் இடம் வெளியே எல்லோருக்கும் பொதுவாக. ஆண், பெண் என்று எந்தக் கதவிலும் எழுதவில்லை. அதைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "பூட்டுதா இல்லையா, அதுதானே கேள்வி?" என்று ஜானெல் கடிந்துகொண்டாள். இரண்டு வருடத்துக்கு முன் இதைத்தான் ரொவீனா கேட்டிருப்பாள், யாராவது அவளைக் கேட்டிருந்தால்.

திறப்பு விழாவில் நாடா வெட்டியதும் ஜானெல்தான். ஒவ்வொரு குழந்தையின் கண்ணியம் பற்றிப் பேசினாள். சுவரில் அவள் பெயர் பொறித்த பலகை இருந்தது. ஒருவர் பெயரையும் அவள் குறிப்பிடவில்லை. வேண்டுமென்றே செய்தாள் என்று நான் நினைக்கவில்லை. எல்லாம் ரொவீனாவில் தொடங்கியது என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

கூட்டம் கலைந்தபின் கைதுடைக்கும் காகிதம் வைக்க உள்ளே போனேன். ஒரு கதவு திறந்து ஜானெல் வந்தாள். இன்னொரு கதவிலிருந்து ரொவீனா. பக்கத்துப் பக்கத்துக் குழாய்.

"கதவு சரியா மூடுதா?" என்றாள் ஜானெல், கட்டடம் கட்டியவளின் அக்கறையோடு.

"மூடுது மிஸஸ் பாஸ்கோ."

"தண்ணி?"

"நல்லா வருது."

ஜானெல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் காகிதக் கட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். மன்னிப்பு வரும் என்று எனக்கு ஒரு ஆசை. "சோப்பு கொஞ்சம் வழியுது, நொரீன், ஆளக் கூப்பிட்டுச் சொல்லு," என்றாள் என் பக்கம் திரும்பி.

ரொவீனா கையைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு வேதியியல் தேர்வு இருந்தது. வெளியே பத்திரிகைக்காரர் ஒருவர் மாணவர்களைக் கதவு முன் நிற்க வைத்துப் படம் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவளையும் கூப்பிட்டார். "நேரமாச்சு சார்," என்று சொல்லிவிட்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடினாள்.