சீர் வண்டிக்கு முன்னால்

அன்று வண்டிக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: ஓட்டிய ஆறுச்சாமியாகிய நான், பக்கத்தில் என் மனைவி ராசாத்தாள், பின்னால் சீர்த்தட்டுகளுக்கு நடுவில் உக்கடம் ஜபருல்லா. முந்திப் போன காரில் இருந்தவர்கள் என் மகன் கிருபாசங்கரும் மருமகள் கீதாவும். அந்தியூர் மண்டபத்தில் இருந்தவர்கள் என் தங்கை சாந்தாமணி, கல்யாணப் பெண்ணான அவள் மகள் லோகப்பிரியா, தங்கையின் காலமான கணவருக்கு அண்ணன் தனபால். மற்றவர்கள் பந்திக்கு வந்தவர்கள். அவர்கள் பேசுவதை நான் பொருட்படுத்துவதில்லை. ஆனால் காரமடை டீக்கடை வரைக்கும் அந்தப் பேச்சு வந்துவிட்ட பிறகு சும்மா இருக்க முடியாது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பாக்குத் தோப்பு மலையடிவாரத்தில் இருக்கிறது. வழியில் ஒரு பள்ளம். மழை பெய்துவிட்டால் அதில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடும். கிருபாசங்கரின் கார் ஒருமுறை அதில் இறங்கிச் சிக்கிக்கொண்டபோது, டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தோம். டிராக்டரில் ஏறுவதற்கு ராசாத்தாளின் மூட்டு இடம் கொடுக்காது. அதனால்தான் ஜபருல்லாவிடம் சொல்லி வைத்தேன். பட்டாளத்தில் கழித்து ஏலம் விடுகிற ஜீப் மாதிரி வண்டிகளை எடுத்துச் சரிசெய்து விற்பது அவர் தொழில். எங்கள் குடும்பத்துக்கு மூன்று டிராக்டர் வாங்கிக் கொடுத்தவர்.

வண்டியைக் காட்டியபோதே சொல்லிவிட்டார்.

"ங்ணா, பின்னால பேச்சு வரக்கூடாது பாருங்க, மொதல்லயே சொல்லிப்போடறேன். டீசலு, நாலு சக்கரமும் இழுக்கும். எந்தப் பள்ளத்துலயும் எறங்கி ஏறும். ஆனா ஓடாதுங்க. நடக்கும். அம்பதுக்கு மேல மிதிச்சீங்கன்னா சத்தம் மட்டுந்தான் வேகமாப் போகும்."

"நடந்தாப் போதும்" என்றேன்.

பட்டாளத்துப் பச்சையோடு நாம் ஓட்டக்கூடாது என்பதால் சாம்பல் நிறம் அடித்து, முறையாகப் பதிவு செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கிருபாசங்கர் அதைச் சுற்றிக்கூட வரவில்லை.

"ஊர்ல சிரிப்பாங்கப்பா. புதுக் கார் எடுத்துத் தாரேன்னு சொன்னனே."

"பள்ளத்துல எறங்குமா?"

"பள்ளத்துல எதுக்குங்க எறங்கணும்?"

"தோப்பு அந்தப் பக்கம் இருக்குது."

வண்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். எங்களில் அண்ணன் வீட்டுச் சீர் மண்டபத்துக்குள் வந்த பிறகுதான் தாய்மாமன் பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவருவான். புருஷன் இல்லாத பெண்ணுக்கு அந்தச் சபையில் நிமிர்ந்து நிற்க இருப்பது பிறந்த வீடு ஒன்றுதான். பத்திரிகை அடிக்கும்போதே தனபால் என் தங்கையிடம் சொல்லியிருக்கிறார்: "உங்கண்ணன் ஊட்டுச் சீருக்காக முகூர்த்தத்த நிறுத்தி வெக்க முடியாது அம்மணி. வந்தா வரட்டும். வல்லீனா எம்பையன் கையப் புடிச்சுக் கூட்டியாரட்டும்." சாந்தாமணி போனில் அழுதாள். "நீ அழுகாத. நானே ஓட்டிட்டு வாரேன்" என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. சீர் ஏற்றிய வண்டியைக் குடும்பத்தலைவன் ஓட்டுவான். சொந்தக்காரர் வண்டி எதுவும் அதற்கு முன்னால் போகாது. சீருக்கு முன்னால் போய் இறங்குகிறவன் வெறுங்கையோடு போனவன். சபையில் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். இதைக் கிருபாசங்கருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவன் கல்யாணத்துக்கு அவன் மாமன் அப்படித்தான் வந்தார்.

விடியும் முன்பே கிளம்பினோம். புளியம்பட்டி வரைக்கும் என் பின்னாலேயே வந்தான், ஹாரன் அடித்துக்கொண்டு. சத்தியமங்கலம் தாண்டி நேர்ச்சாலை வந்ததும் என்னைக் கடந்து போனான். அவன் போனதைப் பார்த்து, பின்னால் வந்த பங்காளிகள் கார்களும் வரிசையாகக் கடந்தன. கீதா கண்ணாடியை இறக்கிச் செல்போனை நீட்டிக்கொண்டு, "மாமாவோட பீரங்கி வருது பாருங்க" என்று சிரித்தாள். அந்தப் படம் நாங்கள் அத்தாணி போய்ச் சேருவதற்குள் சொந்தக்காரர் குரூப்பில் வந்துவிட்டது. ராசாத்தாள் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. ரோட்டப் பாருங்க."

அந்தியூருக்குள் நுழைந்து, மண்டபத்துக்கு இரண்டு தெரு இருக்கும்போது சாந்தாமணி போன் செய்தாள்.

"அண்ணா, எங்க இருக்கீங்க? கிருபா வந்துட்டான். சீரக் காணமே."

"அவன யாரு உள்ள கூப்புட்டது?"

"தனபால் மாமந்தான். சந்தனம் குடுத்து முன்வரிசைல உக்கார வெச்சுட்டாரு. 'மாமன் மவன் வெறுங்கையோட வந்தாச்சு, மாமன் வண்டி வர்றதுக்குள்ள புள்ளைக்கு வளைகாப்பே வந்துரும்'னு அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி சொல்றாருங்ணா. கிருபாவும் கூடச் சேந்து சிரிக்கறான்."

சாலையோரப் புளியமரத்தடியில் வண்டியை ஒதுக்கினேன். அந்த இன்ஜின் சாவியைத் திருப்பினால் நிற்காது. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ் இருக்கிறது. அதைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்தேன். நின்றது.

கிருபாசங்கருக்குப் போன் போட்டேன். "முந்திப் போன அத்தனை பேரும் ரெண்டு தெரு தள்ளிப் புளியமரத்துக்கு வந்து என் வண்டிக்குப் பின்னால நில்லுங்க. அப்பறம் சீர் வரும்."

"அப்பா, காருக்கு முன்னால பத்து வண்டி நிக்குது. எடுக்க முடியாது. நீங்க வாங்க, இங்க பேசிக்கலாம்."

"நான் பேச வல்லை. சீர் கொண்டாந்திருக்கேன்."

ராசாத்தாளுக்குக் கோபம் வந்தது. "ஏனுங்க, முகூர்த்தம் உங்களுக்காக நிக்குமா? அந்தப் புள்ள கைய வேற எவனாச்சும் புடிச்சுட்டான்னா, நீங்க மொதல்ல போனா என்ன, கடைசில போனா என்ன?"

"வெறுங்கையோட போனவனுக்குப் பின்னால நான் போக மாட்டேன்."

"அந்த வெறுங்கையன் நீங்க பெத்ததுதானுங்க."

பின்னாலிருந்து ஜபருல்லா சொன்னார்: "ங்ணா, வெய்யில் ஏறுது. பழம் கறுத்துரும்."

"கறுக்கட்டும்."

ராசாத்தாள் கதவைத் திறந்து இறங்கிப் போய் மரத்தடியில் நின்றுகொண்டாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

அப்போதுதான் தெருமுனையில் சாந்தாமணி வந்தாள். முகூர்த்த நேரத்தில் பெண்ணின் தாய் மண்டபத்தைவிட்டு வெளியே வரமாட்டாள். பட்டுச் சேலையோடு, காலில் செருப்புக்கூட இல்லாமல், சுடுகிற தார் ரோட்டில் தனியாக நடந்து வந்தாள். என் பக்கத்துக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. வண்டியைச் சுற்றிப் பின்னால் போய், பின்கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நம்ம அம்மா பெத்தது ரெண்டு பேரு. உங்க பின்னால வர்றதுக்கு நான் இருக்கறனுங்ணா. வண்டிய எடுங்க."

நான் இறங்கினேன். "நீ எதுக்கு அம்மணி வந்தே?"

"எம்புள்ள அங்க உக்காந்து வாசலயே பாத்துட்டு இருக்குது. எடுங்கன்னா எடுங்க."

அவளைத் தேடிக்கொண்டு கிருபாசங்கர் ஓடிவந்தான். பின்னால் கீதா. அவர்களுக்குப் பின்னால் பங்காளிகள். பெண்ணின் தாய் நடுரோட்டில் நிற்பதை மாப்பிள்ளை வீட்டார் தெருமுனைக்கு வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் தனபாலும் வந்தார். பெண் வீட்டுக்குப் பெரியவர் என்று நின்றவர் உள்ளே உட்கார்ந்திருக்க முடியுமா?

ஜபருல்லா தட்டுகளை எடுத்து எடுத்துக் கொடுத்தார். கிருபாசங்கர் வாங்கிக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. தனபாலிடம் யாரும் தட்டைக் கொடுக்கவில்லை. அது எங்கள் வீட்டுச் சீர்.

நானும் ராசாத்தாளும் ஏறி உட்கார்ந்தோம். இன்ஜினைச் சூடேற்றும் ஹீட்டரின் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து ஒரே திருப்பலில் எடுத்தேன். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கம்பியைத் தள்ளிக் கீழ் கியரில் போட்டேன். அந்தக் கியரில் ஆக்சிலேட்டரில் கால் வைக்கவே வேண்டாம். உதறாது, நிற்காது, ஆள் நடக்கிற வேகத்தில் தானாகப் போகும். நாயனக்காரர்கள் வந்து முன்னால் நின்றார்கள். புதுக் கார் எதுவும் அந்த நடைக்குச் சூடேறாமல் வந்திருக்காது. பின்னால் சாந்தாமணி கதவில் வைத்த கையை எடுக்காமலே நடந்தாள். கிருபாசங்கர் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு, வண்டிக்குள்ளிருந்து சரிந்துவந்த அரிசி மூட்டையை இன்னொரு கையால் தாங்கியபடி நடந்தான்.

சீர் உள்ளே போனது. லோகப்பிரியாவின் கையைப் பிடித்து மணவறைக்கு நான்தான் கூட்டிவந்தேன். "மாமா, கையெல்லாம் டீசல் வாசம்" என்றாள். "பொறுத்துக்க கண்ணு" என்றேன்.

கிருபாசங்கர் அடுத்த வாரம் தோப்புக்கு வந்தான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்திவிட்டு, "அப்பா, வண்டிய அனுப்புங்க" என்று போன் செய்தான். அனுப்பவில்லை. ராசாத்தாள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். அவன் சிரித்த சிரிப்பை அவள் கேட்கவில்லை, என் தங்கை கேட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தெருவில் வண்டிக்குப் பின்னால் எல்லோரும் வந்ததையும் கீதா படம் எடுத்துக் குரூப்பில் போட்டிருக்கிறாள். அதில் என் தங்கையின் கை பின்கதவில் இருக்கிறது. மூட்டையைத் தாங்கிய என் மகனின் கையும் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு, ஆறுச்சாமியின் பட்டாளத்து வண்டி அந்தியூரில் படுத்துவிட்டது, பெண்ணின் தாயே வந்து தள்ளிக்கொண்டு போனாள் என்று பேசிக்கொள்கிறார்கள். வண்டி படுக்கவில்லை. குமிழை இழுத்து நிறுத்தியவன் நான், எடுத்தவனும் நான். யாரும் தள்ளவில்லை.