கோடித்துணியும் மூன்று மோட்டார் சைக்கிளும்

ஐம்பத்தெட்டாம் வருஷம் வைகாசியில் பெரியகருப்பன் செத்துப்போனார். அவர் மேல் மைத்துனன் உடையப்பனுக்கு இருந்த சந்தேகம் மட்டும் சாகவில்லை.

பர்மா சண்டை முடிந்து வந்த நாளிலிருந்து மச்சான் சொன்னது ஒரே கதைதான். குண்டு விழுந்துகொண்டிருக்க, மோட்டார் சைக்கிளோடு பத்து மைல் போய்த் தளபதி கையில் கடுதாசியைச் சேர்த்தாராம். அப்படிப்பட்டவர் அன்னவாசல் சந்தைக்கு ஏன் நடந்தே போகிறார் என்று உடையப்பன் டீக்கடையில் கேட்பான், கல்யாணப் பந்தியிலும் கேட்பான். மச்சான் மீசையைத் தடவிக்கொள்வார். ஊரே சிரிக்கும். அக்கா அழகம்மாள் மட்டும் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

அதெல்லாம் சேர்ந்து இன்றைக்கு அவன் தலையில் விடிந்தது. பிறந்த வீட்டுக் கோடித்துணியைத் தட்டில் வைத்து நீட்டியபோது அக்கா கையை மடக்கிக்கொண்டாள். கோடி வாங்காமல் பாடை நகராது. மறுத்துவிட்டாலோ, பிறந்த வீட்டு உறவே அன்றோடு சரி. ஒப்பாரி வைத்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு கவனித்தார்கள்.

"தன் பாடைக்கு முன்னால மோட்டார் சைக்கிளு போகணும்னு ஒன் மச்சான் ஆசப்பட்டாரு. நீதானே நம்பல, நீயே போயிக் கொண்டா. அப்புறம் வாங்குறேன்."

ஆத்தாளும் அப்பனும் போன பிறகு உடையப்பனுக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். ஓட்டமும் நடையுமாக அன்னவாசல் போனான்.

அங்கே கண்ணுசாமி என்பவர் அறந்தாங்கியிலிருந்து வந்து புதிதாக மோட்டார் சைக்கிள் ரிப்பேர்க் கடை போட்டிருந்தார். காலைச் சாய்த்து நடக்கும் பழைய பட்டாளத்துக்காரர். பெரியகருப்பன் பெயரைக் கேட்டதும் ஸ்பானரைக் கீழே போட்டார். இத்தனை பக்கத்திலா இருந்தார் என்று மட்டும் கேட்டார். பிறகு தன் வண்டியோடு, ரிப்பேருக்கு நின்ற இரண்டு வண்டிகளையும் சொந்தக்காரர்களோடு சேர்த்துக் கிளப்பினார். ரிப்பேர் முடிந்துவிட்டதா என்று அவர்கள் கேட்டதற்கு, போகிற வழியில் தெரிந்துவிடும் என்றார்.

பின்னால் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்த உடையப்பன், மச்சான் நன்றாக ஓட்டுவாரா என்று கத்தினான்.

"அவருக்கு ஓட்டவே தெரியாதுங்களே" என்றார் கண்ணுசாமி. அடுத்து அவர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. உடையப்பனுக்கு அதுவே போதும். இழவு வீட்டுக்குப் போகிறவன் முகத்தில் இருக்கக்கூடாத சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது.

மூன்று வண்டிகளும் வாசலில் நின்று ஆரன் அடித்ததில் கட்டுத்தறி மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. அழகம்மாள் கோடியை வாங்கிக்கொண்டு தம்பியைக் கட்டி அழுதாள். அக்கா அழுகிறாளே என்று அவனும் அழுதான். ஆனாலும் நாக்கு துறுதுறுத்தது.

வண்டிகள் முன்னால், கொட்டு நடுவில், பாடை பின்னால் என்று கிளம்பினார்கள். பாடை போகிற வேகத்துக்கு மோட்டார் சைக்கிள் போகாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. முந்திப் போனால் கொட்டுக்காரர்கள் அதட்டினார்கள், மெதுவாகப் போனால் இஞ்சின் இருமி நின்றது. தெருமுனைக்குள் மூன்றும் படுத்துவிட்டன. எவ்வளவு உதைத்தும் கிளம்பாததால் ஓட்டிவந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். வழியனுப்பத் தெருமுனை வரை வந்த பெண்கள்கூடச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

உடையப்பனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. செத்தவருக்கே ஓட்டத் தெரியாதாம், கண்ணுசாமியே சொன்னார் என்று ஊருக்குக் கேட்கிறமாதிரி சொல்லிவிட்டான். கொட்டு நின்றது.

கண்ணுசாமி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "நெசந்தாங்க. ஓட்டுனவன் நானு, அவரு பின்னால உக்காந்து வந்தாரு. எனக்குக் காலுல குண்டு பட்டுருச்சு. கடுதாசிய எடுத்துக்கிட்டு நீங்க ஓடிருங்கன்னேன். கேக்கல. என்னய வண்டி மேல உக்கார வச்சு, பத்து மைலும் சேத்துல தள்ளிக்கிட்டே வந்தாரு."

உடையப்பனுக்குக் காது சுட்டது. பதின்மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது மிச்சக் கதையையும் கேட்டிருக்கலாம். பெண்களோடு நின்ற அக்கா முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய், வேண்டாம் வேண்டாம் என்ற கண்ணுசாமியைத் தூக்கி வண்டி மேல் உட்கார வைத்துத் தள்ள ஆரம்பித்தான்.

கண்மாய்க்கரை மேட்டில் அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. எவ்வளவு தூரம் வந்திருப்போம் என்று மூச்சு வாங்கக் கேட்டான்.

"கால் மைலுகூட ஆகலீங்க" என்றார் கண்ணுசாமி.

உடையப்பன் வண்டியை விடாமல் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். மச்சானுக்காக அவன் அழுதது அப்போதுதான்.