மேசைமேல் வைத்த போர்வை

பனிக்காலத்து விடியல், நனைத்துப் பிழியாத வெண்டுகில் போல நகரின்மேல் கவிந்து கிடக்க, கூரைகள்தோறும் ஈரம் சொட்ட, கடைத்தெருவின் இருமருங்கும் கட்டிய விளக்குச்சரங்கள் அம்மங்கலினுள்ளும் கண்சிமிட்டிக்கொண்டிருக்க, ஏசு பிறந்த திருநாளுக்கு இன்னும் நான்கே நாள்கள் என்பதை ஆலயத்து மணிக்கூண்டு ஒவ்வொரு நாழிகையும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாரும் வெள்ளையுடுத்து வெளியே வர விரும்பும் நாள்களில், நல்லோரே, ஊரின் அழுக்கெல்லாம் எங்கேயேனும் ஓரிடத்தில் போய்ச் சேரத்தானே வேண்டும்? அது போய்ச் சேர்ந்த இடம், தெருவின் கடைக்கோடியில், புகைக்கூண்டு கருத்து, சன்னலெல்லாம் ஆவி படிந்து நின்ற ஒரு சலவையகம்.

அதன் முன்கூடத்தில் மூட்டைகளை வாங்கி எண்ணுபவள் இளையவள். பின்கட்டில் துணி வெளுக்கும் பொறிகளோடு மல்லுக்கட்டுபவர் அவள் கணவராகிய கடைக்காரர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அறையில், தலைக்குமேல் வெந்நீராவியும் காலுக்குக் கீழே வற்றாத ஈரமுமாய், நெருப்புக்கும் நீருக்கும் நடுவே நட்டு வைத்த தூண் போலப் பதினெட்டாண்டாய் நின்று தேய்ப்பவள் மூத்தவள்; கடைக்காரருடைய மறைந்த தமையனின் மனைவி. கடையைத் தொடங்கியவன் அத்தமையன். பெயர்ப்பலகையில் இப்போது அவன் பெயர் இல்லை.

அன்று காலை மூத்தவள் தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முன்கூடத்து வாயிலில் வந்து நின்றாள்.

"இந்தத் திருநாள் அவசரம் முடியட்டும். நான் என் தங்கச்சி வீட்டோட போயிடறேன்மா. கால் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"கால்தானே கேக்கல? வாய் நல்லாத்தானே இருக்கு அக்கா?"

"வாயால துணி தேய்க்க முடிஞ்சா உன்னைத்தானே முதல்ல அந்த மேசைக்கு அனுப்பியிருப்பேன்!"

இருவரும் சிரித்தனர். சிரிப்பு ஓய்ந்தபின் மூத்தவள், "விளையாட்டுக்குச் சொல்லல," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே சென்றாள்.

அச்சொல் மீன்முள்ளாய்த் தொண்டையில் தங்க, இளையவள் அன்றைக்கு முழுவதும் எண்ணிக்கை தப்பினாள். இவள் போய்விட்டால் கடை என்னாகும் என்ற அச்சமோ, இத்தனை ஆண்டில் இவளுக்கென்று நாம் ஒன்றும் செய்ததில்லையே என்ற இரக்கமோ, எது எவ்வளவென்று அவளே அறியாள். நெஞ்சைப் பிரித்துக் குறி போட்டு அடுக்க அது துணி அன்றே. நண்பகலில் சாப்பாட்டை விட்டுத் தெருவில் இறங்கி, மாந்தளிர் நிறத்ததும், கையில் எடுத்தால் கன்றுக்குட்டியின் காதுபோல் மெத்தென்றிருந்ததுமாகிய ஒரு கம்பளிப் போர்வையை வாங்கி வந்தாள்.

வாங்குவது எளிதாயிற்று; கொடுப்பதுதான் அரிதாயிற்று. கையில் ஒன்றைத் தந்து "உனக்குத்தான்" என்று வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அவ்வீட்டில் எவர்க்கும் இருந்ததில்லை. மூத்தவளின் கேலி நாவுக்கு அஞ்சி, விலைச்சீட்டை நறுக்கி, பொதிந்த தாளையும் கழற்றி எறிந்து, மறுநாள் புலரும்முன் போர்வையை மடித்துத் தேய்ப்பு மேசையின் நட்டநடுவே வைத்துவிட்டு, களவு செய்தவள் போல முன்கூடத்தில் வந்து அமர்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே நடந்தது வேறு. அச்சலவையகத்தில் வீட்டுக்கொரு நிற நூல் உண்டு. வந்த துணியின் மூலையில் அந்நூலால் இரண்டு தையல் போடாமல் எதுவும் மேசைக்கு வாராது. வந்துவிட்டால் அது வேலை. பதினெட்டாண்டில் அம்மேசைமேல் வேலையல்லாத பொருள் ஒன்று இருந்ததில்லை. மூத்தவள் போர்வையை விரித்து நான்கு மூலையும் பார்த்தாள், நூலைக் காணோம். "கூட்டத்துல தைக்க மறந்துட்டா, பாவம். கொழுந்தன் பாத்தா கத்துவான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இத்தகைய கம்பளி எவர்க்கு இருக்கும் என்று ஆய்ந்தாள். நாற்பது உருப்படிக்குக் குறையாமல் மூட்டை போடும் மேட்டுவீட்டு அம்மையாருக்கன்றி வேறெவர்க்கு? இளையவளைக் காட்டிக்கொடுக்கலாகாது என்னும் அருளினாலே, ஒருவர்க்கும் சொல்லாமல், அம்மையார் வீட்டு நீலநூலால் தானே இரண்டு தையல் போட்டு, வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ஈரத்துணியை மேலே விரித்துப் பதமாய்த் தேய்த்து, மூட்டையில் அடுக்கிக் கட்டிவிட்டாள். ஒருத்தியின் ஈகையை மற்றொருத்தியின் ஈகை இவ்வாறு மூட்டை கட்டி வெளியே அனுப்பியது.

மறுநாள் மாலை மூத்தவள் முன்கூடத்திற்கு வந்தாள். இளையவள் எண்ணிக்கையை விட்டு நிமிர்ந்தாள்.

"மேட்டுவீட்டு மூட்டை முடிஞ்சுது. எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? இன்னும் பள்ளிக்கூடத்துத் திரை இருக்கு, பாடகர் அங்கி முப்பது இருக்கு. நின்னு பேச நேரமா இருக்கு?"

இளையவளின் முகம் கஞ்சியிட்ட துணியாய் விறைத்தது. ஒரு சொல்லுக்கு வழியில்லாமல் போயிற்றே என்று உள்ளுக்குள் புழுங்கி, திருநாள் வரையிலும் மூத்தவள் கேட்டவற்றுக்கெல்லாம் "உம்" என்றும் "ஆகட்டும்" என்றும் விடையளித்தாள்.

திருநாளும் வந்தது. வழிபாடு முடிந்து, புத்தாடைகளின் சரசரப்போடு மக்கள் ஆலய முற்றத்தில் திரண்டு ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டிருக்கையில், மேட்டுவீட்டு அம்மையார் இவர்களைக் கண்டு முகமலர்ந்து வந்தார். அவர் தோளில் மாந்தளிர் நிறத்துப் போர்வை.

"உங்க கிட்ட கொடுத்தா பழசு கூடப் புதுசாயிடுதும்மா! இப்படி ஒண்ணு என்கிட்ட இருந்ததே எனக்கு மறந்து போச்சு, பாத்துக்கோங்க!"

மூத்தவள் நாணிச் சிரித்தாள். பதினெட்டாண்டில் அவள் கேட்ட முதற்பாராட்டு அது. இளையவளோ வீடு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு வெடித்தாள்.

"பிடிக்கலன்னா என் மூஞ்சியிலயே விட்டெறிஞ்சிருக்கலாமே அக்கா? ஊர்ப் பணக்காரிக்குத் தூக்கிக் கொடுக்கணுமா?"

"எதைச் சொல்றே?"

"போர்வையை! உனக்குன்னு ஆசையா வாங்கிட்டு வந்து மேசை மேல வச்சேனே!"

மூத்தவள் மெல்லச் சுவரைப் பற்றி அமர்ந்தாள். தன் கைகளைப் பார்த்தாள். கொதியாவி பட்டுப் பட்டு இரேகை மாய்ந்த கைகள்.

"எனக்குன்னு எப்படிம்மா எனக்குத் தெரியும்? அந்த மேசை மேல வச்சது எதுவும் இதுவரைக்கும் என்னோடதா இருந்ததே இல்லையே."

இளையவள் அழுதாள், கண்ணைத் துடைத்தாள், "நாளன்னைக்கு அந்தம்மா மூட்டை போட வருவாங்க. நானே கேட்டு வாங்கித் தர்றேன் அக்கா. நீ போகாதே," என்றாள்.

"கேளு. நீ கேட்டேன்னா இருக்கேன்," என்றாள் மூத்தவள். போர்வைக்காக அவள் அதனைச் சொல்லவில்லை என்பதை, பெரியோரே, நான் உமக்கு விளக்க வேண்டுவதில்லை. தனக்காக எவரேனும் ஒருமுறை வாய்திறக்கக் கேட்க வேண்டுமென்பதே அவள் வேட்கை.

அந்நாள் காலையில் கடைக்காரர் செய்தியறிந்து மனைவியின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா போடற ஒரு மூட்டை, நாலு தெரு மூட்டைக்குச் சமம். 'உங்க தோள்ல இருக்கிறது உங்களோடது இல்ல'ன்னு சொல்லப் போறியா? அப்புறம் நம்ம மூட்டையைத்தான் நாம கட்டணும். அண்ணிக்கு வேற ஒண்ணு வாங்கினாப் போச்சு!"

அம்மையார் வந்தார். மூட்டை இறங்கிற்று. உள்ளறையில் தேய்ப்புப்பெட்டியின் ஓசை நின்றது. இளையவள் வாயைத் திறந்தாள்.

"என்னம்மா, ஏதோ சொல்ல வந்தே?"

"ஒண்ணுமில்லம்மா. வியாழக்கிழமை தயாரா இருக்கும்."

உள்ளே ஓசை மீண்டும் எழுந்தது. எடுத்த துணியை முடித்து, மடித்து, பெட்டியின் சூடு தணித்து, மேசையைத் துடைத்துவிட்டு மாலையில் மூத்தவள் கைப்பையோடு வெளியே வந்தாள்.

"அக்கா..."

"உன்மேல வருத்தம் இல்லம்மா. என் கால் நோகுது, அவ்வளவுதான். திரும்ப வெளுக்க வந்த பாடகர் அங்கியில ரெண்டுக்குப் பொத்தான் இல்ல, சொல்லிட்டுக் கொடு."

விளக்குச்சரங்களைக் கழற்றிக்கொண்டிருந்த தெருவின் வழியே அவள் தாங்கித் தாங்கி நடந்து மறைந்தாள். வேறொரு போர்வை வாங்கப்படவே இல்லை.

ஆண்டொன்று உருண்டது. இன்று அம்மேசைக்கு முன் நிற்பவள் இளையவள். ஈரம் உள்ளங்காலில் ஏறி முழங்காலைக் கவ்வும் வகையை அவள் இப்போது அறிவாள். திருநாள் நெருக்கத்தில் மேட்டுவீட்டு மூட்டையை அவிழ்த்தபோது, நாற்பது உருப்படிக்கு நடுவே அந்த மாந்தளிர் நிறம் தோன்றிற்று. மூலையில் நீலநூல்; சீராய், சிறிதாய், இரண்டே தையல்; அக்காளின் கை. அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள், அக்கம்பக்கம் பார்த்தாள், போர்வையை எடுத்துத் தன் தோளில் போர்த்தி, கண்மூடி, நாலு மூச்சு நின்றாள்.

"அந்த மேட்டுவீட்டு மூட்டை என்னாச்சு?" என்றது பின்கட்டுக் குரல்.

"ஆகுதுங்க," என்று சொல்லி, அதனைக் களைந்து மேசையில் விரித்தாள்.

கொடுத்தவள் வாய்திறந்து கொடுத்தாளில்லை. பெற வேண்டியவள் தனக்கென எண்ணினாளில்லை. பெற்றவரோ தாம் பெற்றதையே அறிந்தாரில்லை. அன்பின் திருநாள் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. அப்போர்வையும் தவறாமல் வந்து, வெளுத்து, மடிந்து, உரியவள் தோள் ஒன்றை மட்டும் தொடாமல், மேட்டுத்தெரு நோக்கி ஏறிச் செல்கிறது.