தொண்ணூறு மில்லி

சோதனைக்குப் போனபோது ஆள் வீட்டில் இல்லை என்று பெபிஷாவின் பெயரில் ஏற்கெனவே இரண்டு தவறல்கள். மூன்றாவதும் விழுந்தால் இரண்டு வருஷம் எந்த மைதானத்திலும் ஓட முடியாது. நானூறு மீட்டர் ஓடுகிறவள். ஊசி, மாத்திரை எதையும் தொட்டவளில்லை. அந்த இரண்டும் அம்மா கிளாராவின் கைங்கரியம். ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் எந்த நாளும் வரலாம் என்பதால், காலை ஆறிலிருந்து ஏழுவரை வீட்டில் இருப்பேன் என்று பெபிஷா எழுதிக் கொடுத்திருந்தாள். விடியற்காலையில் கல்யாணமாகாத பெண்ணைத் தேடி அந்நிய ஆண்கள் வந்து நின்றால் கடற்கரையில் எந்தத் தாய் கதவைத் திறப்பாள்? 'அவ இங்க இல்ல' என்று இரண்டு தடவையும் விரட்டிவிட்டாள். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்!

அதன்பிறகு பெபிஷாவே ஆறு மணிக்கு வாசலில் உட்கார ஆரம்பித்தாள். இன்று ஸ்மிதா என்ற அதிகாரியும், பெட்டி தூக்கிக்கொண்டு ஓர் ஆளும் வந்தார்கள். தொண்ணூறு மில்லி சிறுநீர் வேண்டும். குளியலறைக் கதவைத் திறந்துவைத்து ஸ்மிதா பார்த்துக்கொண்டே நிற்க, உடம்பு கூசி ஐம்பதுதான் வந்தது. அதைப் பாட்டிலில் மூடி முத்திரையிட்டு மேசையில் வைத்தார்கள். மீதி வரும்வரை ஸ்மிதாவின் கண்ணைவிட்டு அவள் அகலக் கூடாது.

கிளாராவுக்குப் பொறுக்கவில்லை. கடலிலிருந்து கரையேறிக்கொண்டிருந்த மகன் லிஜினிடம் ஓடினாள். "பிள்ளைக்க துணிய அவுத்துப் பாக்காவ மக்கா."

லிஜின் துடுப்போடு வந்தான். "எனக்க தங்கச்சிக்க துணிய அவுக்க நீ யாருலே?" முதல் அடியில் பெட்டிக்காரனின் காது கிழிந்தது. இரண்டாவதில் முன்பற்கள் தரையில் விழுந்தன. அந்த மனுஷன் என்ன பாவம் செய்தான்! தவழ்ந்தே காருக்குப் போய்க் கிளப்பிக்கொண்டு பறந்துவிட்டான்.

துடுப்பைப் போட்டுவிட்டு லிஜின் மேசைக்கு வந்தான்.

"அண்ணா, அதத் தொடாத. எனக்க ஓட்டம் போயிரும்."

"ஓட்டமும் மயிரும். மானம் போச்சுட்டி."

அவன் கை நீண்டது. பெபிஷா பாட்டிலை இழுத்துக்கொண்டாள். சுவரோரம் கிடந்த அம்மிக்குழவியை எடுத்து, மேசையில் விரிந்து கிடந்த அவன் வெறுங்கைமேல் இறக்கினாள். கரும்பு ஒடிகிற சத்தம் கேட்டது. இடது கையால் அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்தது. பாட்டிலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒடிந்த அந்த வலது கையிலேயே இன்னொரு அடி அடித்தாள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. லிஜின் உட்கார்ந்துவிட்டான்.

"ஏட்டி சண்டாளி, அவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று கிளாரா மாரில் அடித்துக்கொண்டாள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் மீன் ஏலத்தில் இருந்தார்கள். வீட்டில் ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்தவள் பெபிஷா ஒருத்திதான்.

"நீங்களும் கூட வாங்க மேடம். உங்க கண்ணு முன்னாலதான இருப்பேன்."

பீரோவுக்குப் பின்னால் ஒடுங்கி நின்ற ஸ்மிதாவுக்குப் பயத்தில் சட்டம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. "வீட்டைவிட்டுக் கிளம்பினா, சோதனைக்கு மறுத்துட்டதா எழுதுவேன். நாலு வருஷம் தடை."

பெபிஷா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

"மக்கா, வலிக்கு" என்றான் லிஜின்.

"தெரியும் அண்ணா." அழுதுகொண்டே குடித்தாள்.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. தொண்ணூறும் நிறைந்தது. ஸ்மிதா படிவத்தை நீட்டினாள். "எங்க மேல குறை இருந்தா எழுதலாம். அது உங்க உரிமை."

பெபிஷா எழுதினாள்: 'அண்ணன் கையை உடைத்தது நான். அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடாதது நீங்கள். கூட வரச் சொன்னேன், வரவில்லை.' கையெழுத்துப் போட்டு, தனக்குரிய நகலைக் கேட்டு வாங்கி மடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

லிஜினின் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. அவள் தொட்டதுகூட அவனுக்குத் தெரியவில்லை.